நைனாவின் டார்ச்சுக்குப் புது பல்பு

டார்ச்சுக்கு பல்பு மாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தலைப் பக்கத்தைத் திருகிக் கழற்றி, பழைய குண்டு பல்பை எடுத்துவிட்டு, அதே அளவில் விற்கிற எல்.இ.டி. பல்பைப் போட்டு மூடினால் முடிந்தது. காபி ஆறுவதற்குள் செய்துவிடலாம். அந்த வேலையைச் செய்துவிட்டு நான் பட்ட பாட்டை நினைத்தால், பேசாமல் பழைய பல்போடே விட்டிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது.

எங்கள் வீடு மாரிகுப்பத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் நாங்களாகத் தகரம் போட்டு இழுத்துக்கொண்ட ஒரு சாய்ப்பு. இதற்குள் நான், என் மனைவி, அம்மா, அப்பா. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் தினமும் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு ராத்திரி திரும்பி வருகிற ஜாதி. இங்கே பாதி ஊர் அந்த ஜாதிதான்.

நைனா சுரங்கத்தில் முதலில் பாறையில் துளை போடுகிற வேலையில் இருந்தார். நெஞ்சு கெட்டுப்போனதும் பெல் அடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். பூமிக்கடியில் அந்தந்த ஆழத்து லெவலில் நின்றுகொண்டு, கேஜை என்ன செய்ய வேண்டும் என்று மேலே இருக்கிற எஞ்சின்காரருக்கு மணி அடித்துச் சொல்ல வேண்டும். கேஜ் நின்றுகொண்டிருக்கும்போது ஒரு பெல் அடித்தால் ‘மேலே ஏற்று’. ஓடும்போது அதே ஒரு பெல் என்றால் ‘நிறுத்து’. இரண்டு என்றால் ‘இறக்கு’. மூன்று என்றால் ‘ஆள் ஏறப் போகிறார்கள்’. அடித்த பெல் அதே எண்ணிக்கையில் மேலேயிருந்து திரும்பி வர வேண்டும். வராமல் யாரும் கேஜுக்குள் கால் வைக்கக் கூடாது. எங்கள் லைனில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூட இது தெரிந்திருந்த காலம் ஒன்று உண்டு.

சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நைனாவின் நெஞ்சுக்குள் போன தூசி மட்டும் வெளியே வரவே இல்லை. கடைசி வருஷத்தில் அவரால் பேச முடியவில்லை. இரண்டு வார்த்தை பேசினால் அரை மணி நேரம் மூச்சு வாங்கும். முன் அறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தோம். கையெட்டும் தூரத்தில் ஒரு டார்ச்சு. எவர்சில்வர் உடம்பு, இரண்டு பெரிய செல் போடுகிற ரகம். கரண்ட் போனால் இருட்டில் கிடக்க அவருக்குப் பிடிக்காது. பாதி ஆயுசை இருட்டில் கழித்த மனுஷனுக்கு அந்த உரிமை உண்டு என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ஒரு நாள் சாயங்காலம் எதிர்ச் சுவரில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் விழுந்து அணைந்தது. மறுபடி விழுந்தது. மறுபடியும். மூன்று தரம். சமையலறையில் இருந்த அம்மா, யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி, ஒரு கரண்டியை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து அதுதான் வீட்டுப் பேச்சு. மூன்று அடித்தால் யாராவது வா. ஒன்று அடித்தால் தூக்கி உட்கார வை. தூக்கும்போது இன்னொரு ஒன்று அடித்தால் போதும், நிறுத்து. இரண்டு அடித்தால் படுக்க வை. ஒவ்வொன்றுக்கும் டம்ளரில் பதில் தட்டியாக வேண்டும். தட்டாமல் கிட்டே போனால் நைனா முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் மனைவி பங்காருபேட்டைக்காரி, சுரங்கம் தெரியாதவள். கல்யாணம் ஆன புதிதில் கற்காததையெல்லாம் அந்த வருஷத்தில் கற்றுக்கொண்டாள்.

பழைய பல்பு சோகை பிடித்த பல்பு. பகலில் அடித்தால் சுவரில் விழுவதே தெரியாது. நாலு நாளில் செல் தீர்ந்து, வெளிச்சம் சிவந்து, கங்கு மாதிரியாகி அணைந்துவிடும். நைனா மூன்று அடித்து, அது அம்மாவின் கண்ணில் படாமல் போய், மறுபடி அடித்து, ஒரு மத்தியானம் ஆத்திரத்தில் டார்ச்சைத் தரையில் வீசிவிட்டார். அப்புறம் அழுதார். அழவும் மூச்சு வேண்டும், அதுவும் இல்லை. அந்த வாரமே பெங்களூரில் எலக்ட்ரிக் சாமான் விற்கிற சந்துக்குள் நுழைந்து எல்.இ.டி. பல்பு வாங்கி வந்தேன்.

போட்டு அடித்துக் காட்டினேன். சுவர் பளீரென்று ஆகிவிட்டது. காலண்டரில் பொடி எழுத்தெல்லாம் தெரிந்தது. ஒட்டடை தெரிந்தது. நான் ஏதோ அணை கட்டித் திறந்து வைத்த மந்திரி மாதிரி நின்றேன். நைனா டார்ச்சை வாங்கிக் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து மூடிப் பார்த்தார். குண்டு பல்பு என்றால் கொஞ்ச நேரத்தில் கண்ணாடி கதகதவென்று இருக்கும். குளிர் நாளில் அதை நெஞ்சில் வைத்துக்கொள்வார்.

“சூடே இல்லடா” என்றார். அதற்கே மூச்சு வாங்கியது.

“சூடு இன்னாத்துக்கு நைனா, வெளிச்சம் தானே வேணும்?” என்றேன்.

அவர் கையை எடுத்தபோது வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. மஞ்சள் வெளிச்சத்தில் பழகிய முகம், அதில் வேறு ஆளாகத் தெரிந்தது. கன்னம் இல்லை, எலும்புதான் இருந்தது. நான் சட்டென்று டார்ச்சை வாங்கி அணைத்தேன்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. நைனா அடித்தால் சமையலறைச் சுவர் வரைக்கும் மின்னல் வெட்டியது. செல் மாதக்கணக்கில் வந்தது. லைன் முழுக்கச் செய்தி பரவி, ஆளாளுக்குத் தங்கள் டார்ச்சைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கம் தெரு விளக்கு எரிவது அதன் இஷ்டம். புதருக்குள் பாம்பு வேறு. ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அதுவே பிழைப்பு. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மறுநாளே சண்டைக்கு வந்துவிட்டாள்.

“இன்னாப்பா பல்பு போட்டுக் குடுத்த? நேத்து எரிஞ்சிது, இன்னிக்கு செத்துக் கெடக்குது. நல்லா எரிஞ்சதைப் புடுங்கிக்கினியே!”

திறந்து பார்த்தால் செல் இரண்டையும் தலைகீழாகப் போட்டிருக்கிறாள். பழைய பல்புக்குத் தலையும் காலும் ஒன்றுதான், எப்படிப் போட்டாலும் எரியும். இது அப்படி இல்லை, நேராகப் போட்டால்தான் எரியும் என்று சொன்னேன். “அம்மா தாயே, ரொம்ப மானஸ்த பல்பு” என்று வாயில் விரலை வைத்துக்கொண்டு போனாள். நைனா கட்டிலில் இருந்தபடியே இதைக் கேட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நைனா போன அன்று நான் ஆபீசில் இருந்தேன். மனைவி மாத்திரை வாங்க ராபர்ட்சன்பேட்டைக்குப் போயிருந்தாள். வீட்டில் அம்மா மட்டும். போன் வந்து, ஓடி, ரயிலைப் பிடித்து, உட்கார இடம் இருந்தும் கதவருகே நின்றுகொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் நைனாவை நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அம்மா அழவில்லை. ஈரப் புடவையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வரை ஏன் நனைந்திருக்கிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாள் அடக்கம் செய்தோம். காரியம் முடிந்தது. கட்டிலை எடுத்துச் சாய்ப்பில் போடலாம் என்றேன். அம்மா “வேணாம்” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

விளக்கு வைக்கிற நேரத்தில் நைனாவின் படத்துக்கு முன்னால் அகல் ஏற்றினாள். கூடவே அந்த டார்ச்சையும் எடுத்து எரியவிட்டு, நைனாவின் தலையணை மேல் சுவரைப் பார்த்த மாதிரி வைத்தாள். படுக்கப் போகும்போது அணைத்துவிடுவாள். தினமும் இப்படி. அவருக்கு இருட்டு பிடிக்காது என்று காரணம் சொன்னாள். பழைய பல்பாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது, அவளே சலித்து விட்டிருப்பாள். இது என் புண்ணியத்தில் வாங்கிய பல்பு. மாதக்கணக்கில் எரிந்தது. வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலிருந்தே ஜன்னலில் அந்த வெள்ளை வெளிச்சம் தெரியும். உள்ளே யாரோ விழித்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரி இருக்கும். காலை வேகமாக எட்டிப் போட்டுப் பாதி வழியில்தான், காத்திருக்க ஆள் இல்லை என்பது நினைவுக்கு வரும். எனக்கு வீட்டுக்கு வரவே பயமாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பது தாண்டிய ஆம்பளை, அப்பாவின் அறையைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று சொல்ல முடியுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைத்த பிறகு கரண்ட் போய்விட்டது. நான் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அடுப்பு வெளிச்சத்தில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். முன் அறைச் சுவரிலிருந்து வரும் வெளிச்சம் சட்டென்று அணைந்தது. வந்தது. அணைந்தது. வந்தது. மறுபடி அணைந்து வந்தது.

மூன்று.

அம்மா தோசைத் திருப்பியால் டம்ளரில் மூன்று தட்டினாள். அடுப்பைக்கூட அணைக்காமல் என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். எழுபத்தைந்து வயசுக்காரி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் பின்னால் போனேன். கட்டில் காலி. தலையணை மேல் டார்ச்சு. சுவரில் வெளிச்சம் வந்து, போய், வந்து, போய், வந்து, போய். கொஞ்சம் நின்றது. மறுபடி மூன்று. சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டேன்; ஏன் போட்டேன் என்று தெரியாது. நைனாவுக்கு முன்னால் பொத்தான் திறந்து நிற்கக் கூடாது என்று சின்ன வயசில் வாங்கிய அடியாக இருக்கலாம்.

“எத்தினி நாளா இப்புடி?” என்று கேட்டேன்.

“பத்து நாளா கூப்புடறாரு” என்றாள் அம்மா. குரலில் பயம் இல்லை. அவசரம்தான் இருந்தது.

நான் டார்ச்சை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கே அதைத் திறந்து பார்த்திருக்கலாம். என் கை போகவில்லை. கணக்கு எழுதுகிறவன், பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று ரயிலில் வாய் கிழியப் பேசுகிறவன், மூன்று தரம் மினுக்கிய பல்புக்கு முன்னால் கைகட்டி நின்றேன். அந்த வாரம் முழுக்க ஆபீசில் டியூப் லைட் கண் சிமிட்டினால்கூட எண்ணினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா விழுந்தாள். சாய்ப்பில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள். சுவரில் மின்னியிருக்கிறது. ஓடியதில் ஈரத்தில் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கூட்டி வந்தோம். என் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

“இன்னாங்க, நானும் சொல்லக் கூடாதுன்னு பாத்தேன். அத்தை வேலை செய்யும்போதும் கண்ணு சுவத்து மேலதான். அடுப்புல கை வெச்சிக்கினே பாக்கறாங்க. இன்னிக்கு கை போச்சி. நாளைக்கு இடுப்பு போனா படுத்த படுக்கைதான். ஏதாச்சும் பண்ணுங்க.”

கோபம் வந்தால் எனக்குப் பயம் போய்விடும். டார்ச்சை எடுத்துத் தெரு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தலையைத் திருகினேன். செல்லை எடுத்தேன். என் ஆபீஸ் பையில் வைத்திருக்கும் டார்ச்சில் இருந்த புது செல்லை இதில் போட்டேன். வெளிச்சம் அசையாமல் நின்றது. பழைய செல்லைப் போட்டேன். மினுக்கியது. மறுபடி புதுசு, மறுபடி பழசு. அப்புறம் செல்போனில் தேடிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. இந்த பல்பின் அடியில் குட்டியாக ஒரு சர்க்யூட் இருக்கிறது. செல்லில் இருக்கும் கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சி, வெளிச்சம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். உறிஞ்ச முடியாமல் போகும்போது அணைந்துவிடும். அணைந்த அந்த நொடியில் செல் கொஞ்சம் தேறும். உடனே மறுபடி எரியும். சாகிற செல்லின் இழுப்பு, அவ்வளவுதான். உட்கார்ந்து நிதானமாக எண்ணினேன். சில சமயம் நாலு, சில சமயம் இரண்டு, ஐந்துகூட வந்தது. வீட்டில் எல்லோரும் மூன்றை மட்டும்தான் எண்ணியிருக்கிறோம்.

எங்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆயுசு முழுக்க நாங்கள் பார்த்த டார்ச்சு செல் தீர்ந்தால் மஞ்சளாகும், சிவக்கும், அணையும். வெள்ளை வெளேரென்று முழு பலத்தோடு எரிந்துகொண்டே சாகிற பல்பை யார் பார்த்தார்கள்?

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறையை இறக்கிய மாதிரி இருந்தது. புது செல்லைப் போட்டு, அம்மாவை உட்கார வைத்து, விலாவாரியாக விளக்கினேன். பழைய செல்லைப் போட்டு மினுக்கிக் காட்டினேன். புது செல்லைப் போட்டு நிற்க வைத்துக் காட்டினேன். அம்மா பழைய செல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“செல்லுதானா?” என்றாள் கடைசியில்.

“செல்லுதான்மா.”

“சரி” என்று எழுந்து போனாள்.

நான் வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்தேன். அம்மா ஓடவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. ஆனால் சாப்பிடவும் இல்லை. முதலில் கை வலி என்று நினைத்தோம். மனைவி பிசைந்து ஊட்டினாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. டார்ச்சு போடுவதை மட்டும் விடவில்லை. சாயங்காலம் ஆனால் ஒற்றைக் கையால் அதை எடுத்துத் தலையணை மேல் வைத்து, அசையாத அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பாள். சிமென்ட் தரை. எங்கள் ஊர் பூமி இப்போதும் எப்போதாவது உள்ளே எங்கோ இடிந்து லேசாக உதறும். அலமாரியில் பாத்திரம் சிணுங்கும். அதைத்தான் பார்க்கிறாளோ என்று நினைத்தேன். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டாள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, சாப்பிட்டால் சரியாகிவிடும் என்றார். அது எனக்கே தெரியும். அப்பாவைத் தொடர்ந்து அம்மாவும் போய்விடுவாள் என்று தோன்ற ஆரம்பித்தது. ராத்திரி ரயிலில் செல்போன் அடித்தால், எடுப்பதற்கு முன்னால் யார் நம்பர் என்று இரண்டு தரம் பார்த்தேன்.

அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். சாயங்காலம் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“இன்னாதான் வேணும் உனக்கு? பட்டினி கெடந்து சாவணுமா? நைனா செத்துட்டாருமா. மண்ணுல வெச்சிட்டோம். அது வெறும் செல்லு. எத்தினி வாட்டி சொல்றது?” என்று கத்தினேன். சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“செத்துட்டாருன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே கிட்ட இருந்தேன்? கிட்ட கூட இல்ல. அதாண்டா...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அவளாகவே சொன்னாள். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அன்றைக்குத் தண்ணீர் லாரி வந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு தரம் வருகிற லாரி. விட்டால் அடுத்த வாரம்தான். குடத்தை எடுத்துக்கொண்டு ஓடி, வரிசையில் நின்று பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால் எங்கள் ஜன்னல் தெரியும். ஜன்னல் வழியாகச் சுவர் தெரியும். மூன்று தரம் வெளிச்சம் அடித்திருக்கிறது. என் எல்.இ.டி. வெளிச்சம், பட்டப்பகலில் தெருவுக்கே தெரிகிற வெளிச்சம். குழாய் கையில் இருக்கிறது. பின்னால் நிற்கிறவர்கள் தள்ளுகிறார்கள். பதில் தட்ட டம்ளர் இல்லை. இதோ வருகிறேன் என்று கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள், படுத்திருக்கிறவருக்குத் தெரியாது என்று தெரிந்தும். அடுத்த குடத்தையும் நிரப்பியிருக்கிறாள். மறுபடி மூன்று அடித்திருக்கிறது. வேகமாகத் தூக்கியதில் குடம் சரிந்து புடவை முழங்கால் வரை நனைந்திருக்கிறது. வீட்டுக்குள் வரும்போது டார்ச்சு எரிந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது. அவர் இல்லை.

“மூணு பெல் அடிச்சா பதில் போவணும். நான் குடுக்கல” என்றாள். “பதில் வராம அவரு கேஜுல ஏற மாட்டாரு. அவரு வேலையில அப்புடி ஒரு நாள் கூட ஏறினதில்ல. கீழயே நின்னுக்கினு கீறாரு. பம்பு நிறுத்தினப்பறம் கீழ லெவல் லெவலா தண்ணி ஏறிக்கினு கீதுன்னு நீங்கதானே பேசிக்கிறீங்க? அந்தத் தண்ணியில நிக்கிறாரு.”

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்பால திரும்ப மூணு வந்திச்சி. சரி, இன்னொரு வாட்டி கூப்புடறாரு, இந்த வாட்டி வுடக் கூடாதுன்னு ஓடினேன். மூணு குடுத்தேன். ஆளு ஏறினா ஒண்ணு வரணும். ஏறிட்டேன், மேல தூக்குன்னு. அந்த ஒண்ணு வரவே இல்லடா. நான் குடுக்கக் குடுக்க மூணுதான் வருது. நீ வந்து செல்லுன்னு சொல்லிட்ட. செல்லாவே இருக்கட்டும். இப்ப அந்த மூணும் இல்ல. நான் யாருக்குப் பதில் குடுக்கறது?”

நான் படித்தவன் மாதிரி எத்தனையோ சொல்லியிருக்கலாம். இறந்தவர்களுக்குத் தண்ணீரும் இல்லை, லெவலும் இல்லை என்று. அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டியிருப்பாள், அடுத்த வேளைச் சோற்றையும் அப்படியே வைத்திருப்பாள். ஷாஃப்ட்டில் நிற்கிற ஆளை வாய்ப் பேச்சால் மேலே கொண்டுவர முடியாது. அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அதை எங்கள் வீட்டில் பெற்றவர்கள் இருவரும் எனக்குச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

“நீ உள்ள போம்மா” என்றேன். “சமையக்கட்டுக்குப் போ.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என்ன செய்யப் போகிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பொய் என்றும் தெரியும், இருந்தாலும் எழுந்து போனாள். மனைவி கூடவே போய் அவளை அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

நான் நைனாவின் கட்டிலில் படுத்தேன். அவர் போன பிறகு அதில் யாரும் படுத்ததில்லை. நடுவில் குழிந்து அவர் உடம்பின் அளவில் இருந்தது. என் உடம்பு அதில் சரியாக உட்கார்ந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. டார்ச்சை அணைத்துக் கையில் எடுத்தேன். அவர் விரல் தேய்த்த இடத்தில் என் விரல் வழுக்கியது. சுவரில் மூன்று தரம் அடித்தேன். நிதானமாக, பெல் மாதிரி.

உள்ளே சத்தமே இல்லை. அவள் பார்க்காமல் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். நைனாவுக்கு அன்று இப்படித்தான் இருந்திருக்கும். அப்புறம் டம்ளர் கேட்டது. இடது கையால் தட்டுகிறாள், ஓசை வலுவில்லாமல் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

ஆள் ஏறியாகிவிட்டது. அடுத்த பெல் நான்தான் கொடுக்க வேண்டும். கை நின்றுவிட்டது. இந்தக் கட்டிலில் நைனா இரண்டு அடித்தால் படுக்க வை என்று அர்த்தம். படுக்க வைத்து, குழியில் இறக்கி, மண்ணும் தள்ளிவிட்டோம். செத்தவரை இறக்குவதுதானே முறை? ஒன்று அடிக்கவா, இரண்டு அடிக்கவா என்று தெரியாமல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

“இன்னாடா யோசிச்சிக்கினு கீற?” என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். அதட்டல்தான், பழைய அதட்டல். “ஷிஃப்டு முடிஞ்ச ஆளை மேலதாண்டா ஏத்துவாங்க.”

ஒன்று அடித்தேன்.

உள்ளே ஒரு தட்டு கேட்டது.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தோம் என்று தெரியாது. பூமிக்கடியிலிருந்து கேஜ் மேலே வர நேரம் பிடிக்கும். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறகு அம்மா மனைவியிடம் சோற்றைச் சூடு பண்ணச் சொல்வது கேட்டது. தட்டு நகர்த்துகிற சத்தம் கேட்டது. டார்ச்சு என் கையில் சுவரைப் பார்த்து எரிந்துகொண்டே இருந்தது.

“அதை அணைச்சிடுடா” என்றாள் அம்மா, வாயில் சோற்றோடு. “செல்லு வீணாப் போவுது.”

அணைத்தேன். அறை இருட்டாகிவிட்டது. நைனா போய்விட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குழிந்த கட்டிலில் படுத்தபடியே ஓவென்று அழுதேன்.